பனிக்குள் சிக்கினால் முதலில் காற்று

சித்தூர்–வேலூர் சாலையில் இருக்கும் குடிபாலாவில் பனி கொட்டுவதில்லை. ஆனால் 2016 பிப்ரவரி 3 அன்று சியாச்சினில், 19 ஆயிரம் அடிக்கு மேலுள்ள சோனம் ராணுவ முகாம் பனிச்சரிவில் புதைந்தபோது, அதில் சிக்கிய பத்து வீரர்களில் ஒருவர் பக்கத்து வேலூர் மாவட்டத்து ஹவில்தார் ஏழுமலை. கர்நாடகத்தின் ஹனுமந்தப்பா கொப்பட் மட்டும் பல நாள் கழித்து உயிரோடு மீட்கப்பட்டார். பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவரும் இறந்தார். பனிக்கு அடியில் அத்தனை நாளும் அவர் மூச்சைக் காத்தது கூடாரத்துக்குள் தங்கியிருந்த காற்று என்றார்கள்.

பனியைக் குடைந்து தங்கும் பனிக்குகைக்குள்ளும் அப்படித்தான்: குளிரை விட வேகமாகக் கொல்வது காற்றில்லாமை. பனியில் காற்று உண்டு. ஆனால் நாம் விடும் மூச்சின் ஈரம் உட்சுவரில் படிந்து உறைந்து, காற்று புகாத பனிக்கட்டி ஆகிவிடும். பிறகு கரியமில வாயு சேரும். அடுப்பு எரிந்தால் நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்சைடும் சேரும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம்தான் எச்சரிக்கை. அதைக் களைப்பு என்று எண்ணிப் படுத்துவிடக் கூடாது.

குகையின் வாசலைப் பனி மூடிக்கொண்டால் செய்ய வேண்டியவை:

- அடுப்பை உடனே அணையுங்கள்.
- கூரையில் கைமுஷ்டி அளவு துளை போடுங்கள். அதில் ஒரு கம்பைச் செருகி, அடிக்கடி ஆட்டி அடைப்பை நீக்குங்கள்.
- வாசல் பக்கமே தோண்டுங்கள்; புதிதாக விழுந்த பனி அங்கேதான் இளகியிருக்கும். இதற்காகவே பனி அள்ளும் ஷவலை வெளியே வைக்காமல் உள்ளே வைத்துக்கொண்டு படுக்க வேண்டும்.
- முறை வைத்து நிதானமாகத் தோண்டுங்கள். வியர்வையில் நனைந்த துணி உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும்.
- ஓய்வெடுக்கும்போது வெறும் பனிமேல் உட்காராமல் பை, கயிறு எதையாவது அடியில் போடுங்கள்.
- மேலே ஆள் அரவம் கேட்டால் மட்டும் கத்துங்கள். பனி குரலை விழுங்கிவிடும்.

சரிவு நேரே உடம்பின்மேல் விழுந்தால், பனி இறுகும் முன் கைகளால் முகத்துக்கு முன்னே இடம் உண்டாக்குங்கள். கால் மணி நேரத்துக்குள் தோண்டி எடுக்கப்படுபவர்களில் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள். அதன்பின் வாய்ப்பு மளமளவென்று சரிகிறது. அதனால் கூட இருப்பவர்களே உடனே தேட வேண்டும்.

மணாலி, குல்மார்க் போகிறவர்களுக்கும் இது பொருந்தும். பனியில் கார் நின்றுவிட்டால், புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அள்ளாமல் எஞ்சினை ஓட்டாதீர்கள். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் மரீ மலையில் கார்களுக்குள் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். ஊட்டி, கொடைக்கானல் குளிரிலும் மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். குளிரைக் கம்பளியால் தாங்கலாம். நச்சுக் காற்றைத் தாங்க முடியாது.