மெலிந்த உடலும் இருதயக் கொழுப்பும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு திங்கட்கிழமை, எட்டியாந்தோட்டைப் பக்கத்து றப்பர்த் தோட்டமொன்றிலிருந்து எம்மிடம் படிக்க வரும் மாணவன் வகுப்புக்கு வரவில்லை. அவனுடைய தந்தையார் காலமாகிவிட்டார் என்ற செய்தி மறுநாள் கிடைத்தது. துக்கம் விசாரிக்க லயத்துக்குச் சென்றோம். கூடியிருந்தோர் யாவரும் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருந்தனர்: "ஈர்க்குச்சி மாதிரி இருந்த மனுசனுக்கு நெஞ்சு வருத்தமா?"

விடியற்காலையில் நெஞ்சில் பாரம் ஏற்றியதுபோல் இருப்பதாக அவர் கூறியிருக்கிறார். வாயுப் பிடிப்பு என்றெண்ணி வீட்டார் எண்ணெய் தேய்த்தனர். இஞ்சியும் மல்லியும் அவித்துக் கொடுத்தனர். இருதய நோய் கொழுத்தவர்களுக்கே உரியது என்ற நம்பிக்கையில் பகல்வரை பொழுது கழிந்தது. வைத்தியசாலைக்குப் போகும் வழியிலேயே உயிர் பிரிந்தது. அவருடைய மனைவியார் பேச்சோடு பேச்சாகச் சொன்ன ஒன்று எம் மனத்தில் தங்கிவிட்டது. பால் வெட்டும் தொழிலை விட்டுக் காவல் வேலைக்குப் போன பின்னர், அவருடைய இடுப்புவாரில் இரண்டு துளை தள்ளிப் போட வேண்டியிருந்ததாம். கையும் காலும் மட்டும் முன்போலவே இருந்தனவாம்.

அந்த இரண்டு துளைகளில்தான் விடயம் இருக்கிறது.

ஆட்டின் இருதயத்தை இறைச்சிக் கடைப் பலகையில் கண்டவர்கள், அதன் மேற்பரப்பில் வெண்மஞ்சளாய்ப் படிந்திருக்கும் கொழுப்பையும் கண்டிருப்பர். மனித இருதயமும் அத்தகையதே. இருதயத் தசைக்குக் குருதி வழங்கும் முடியுரு நாடிகள், மேற்பரப்பிலுள்ள பள்ளங்களில் இக்கொழுப்பினுள் புதைந்தே ஓடுகின்றன. அளவோடு இருக்கும்போது இது பகையன்று. நாடிகளுக்கு மெத்தையாகவும் தசைக்கு எரிபொருட் களஞ்சியமாகவும் உதவுவது. மிகுந்துவிட்டாலோ அதன் குணம் மாறுகிறது. தோலின் கீழுள்ள கொழுப்பு ஊர்ப்புறத்துக் குடி என்றால், இது ஒரே சுவருக்குள் வாழும் பக்கத்து அறைக் குடி. தசைக்கும் இதற்கும் இடையே பிரிக்கும் சவ்வு எதுவும் இல்லை. ஆதலால் இது சுரக்கும் பொருள்கள் நேரே நாடிச் சுவரைச் சென்றடையக்கூடும். 2003ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், முடியுரு நாடி அடைப்புக்குச் சத்திரசிகிச்சை பெற்றோரின் இருதயக் கொழுப்பையும் காற் கொழுப்பையும் ஒப்பிட்டனர். அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இருதயக் கொழுப்பிலேயே மிகுந்திருந்தன.

இன்னொரு புதுமையும் உண்டு. சிலருக்கு முடியுரு நாடி சிறிது தூரம் தசைக்குள் மூழ்கி மீண்டும் வெளிவரும். மூழ்கிய அந்தத் துண்டில் அடைப்புப் படிவது அரிது. கொழுப்பின் அண்மை இல்லாமையே காரணம் என்பர் ஒருசாரார். குருதியோட்ட வேறுபாடே காரணம் என்பர் மற்றொரு சாரார். வழக்கு இன்னும் தீரவில்லை. கொழுப்புக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு பல ஆய்வுகளில் தெளிவாகிவிட்டது. குற்றவாளி இதுவே என்று தீர்ப்பெழுதத்தான் அறிவியல் தயங்குகிறது. புகையும், நீரிழிவும், உயர் குருதியமுக்கமும் குற்றவாளிக் கூண்டில் ஏற்கெனவே நிற்பவை என்பதையும் மறத்தலாகாது.

அப்படியாயின் மெலிந்தவர் கதை என்ன? 2004இல் 'லான்செற்' மருத்துவ ஏட்டில் இரு வைத்தியப் பேராசிரியர்களின் படம் வெளிவந்தது. ஒருவர் புனே நகரத்து யாஜ்னிக். மற்றவர் இலண்டன் யுட்கின். உயரத்துக்கேற்ற நிறை என்ற கணக்கில் இருவருக்கும் ஒரே எண், 22.3. உடற்கொழுப்பை அளந்தபோதோ யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம்! நம் தெற்காசிய உடலின் இயல்பு இது. தராசு காட்டாத கொழுப்பு வயிற்றினுள்ளும் உறுப்புகளைச் சுற்றியும் ஒளிந்து கிடக்கும். விடியலில் எழுந்து நூற்றுக்கணக்கான மரங்களைச் சுற்றிப் பால் வெட்டிய கால்கள் ஓரிடத்தில் அமர்ந்துவிட, கோதுமை மா ரொட்டியும் சீனி தூக்கலான தேநீரும் மாறாது தொடர்ந்தால் அது எங்கே சேரும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் தோட்டத்தை விட்டுக் கடைக்கும் முச்சக்கரவண்டிக்கும் மாறிய இளைஞர்களின் நிலையும் இதுவே.

இருதயக் கொழுப்பை அளக்க எக்கோ, சி.ரி. கருவிகள் உள. லயத்து வீட்டுக்கு அளவுநாடாவே போதும். ஆணுக்கு இடுப்பு 90 சென்ரிமீற்றரும் பெண்ணுக்கு 80உம் எட்டினால் வைத்தியரை நாடுதல் வேண்டும். அப்பியாசத்தால் இக்கொழுப்புக் குறையும் என்பது ஆறுதலான செய்தி. 2019இல் வெளியான டென்மார்க் ஆய்வொன்றில், பன்னிரண்டு வாரப் பயிற்சியில் அது கணிசமாகக் குறைந்திருந்தது. நெஞ்சுப் பாரம் கைக்கோ தாடைக்கோ பரவி வியர்த்தால் மட்டும் நாடாவையும் நடையையும் மறந்துவிட்டு 1990 இலக்கத்துக்கு அழைக்க வேண்டும்; அம்புலன்ஸ் இலவசம். இஞ்சித் தண்ணீர் பிறகு ஆகட்டும்.

அம்மாணவன் திரும்பி வந்த வாரத்தில், தையல் ஆசிரியையிடம் நாடா இரவல் வாங்கி வகுப்பில் இதை விளக்கினோம். பையன்கள் ஒருவரையொருவர் அளந்து சிரித்தனர். இறுதியில் அவனே எழுந்து வந்து, தயங்கியபடி எம் இடுப்பையும் அளந்தான். 94. வகுப்பு மரியாதையாக மௌனம் காத்தது. அன்று தொட்டு பஸ்ஸிலிருந்து இரண்டு தரிப்பிடம் முன்னதாகவே இறங்கி நடக்கிறோம்.