கருகிய ஒயரைத் தூக்கிப் போடாதீர்கள்

ஆழ்வார்பேட்டையில் வசிக்கும் சகோதரி ஒருவர் புது ஃபிரிட்ஜ் வாங்க உதவி கேட்டு நம் அலுவலகத்துக்கு வந்தார். மெக்கானிக் கம்ப்ரஸர் மாற்றி 4,500 ரூபாய் வாங்கிப் போன மறுநாளே ஒயர் கருகி ஃபிரிட்ஜ் நின்றுவிட்டது. உள்ளே வைத்திருந்த அவருடைய தாயாரின் இன்சுலினும் வீணாயிற்று. "அல்லாஹ் பார்த்துக்கொள்வான்" என்று கருகிய ஒயரைக் குப்பையில் போட்டுவிட்டார். நாம் வருந்தியது அதற்குத்தான். அது அவருடைய சாட்சி.

கூலி கொடுத்துச் செய்யும் ரிப்பேர், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ஒரு சேவை. அதில் கவனக்குறைவு இருந்தால் நஷ்டஈடு கேட்கலாம். முதலில் வேலை செய்தவரிடமே எழுத்தில் கேளுங்கள். பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும். இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அவர்கள் பேசிப் பார்ப்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். தீர்ப்புக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். கொடுத்த கூலி 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. கடை எங்கிருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுப் போடலாம்.

பழுதான பாகத்தைப் பத்திரப்படுத்துங்கள், போட்டோ எடுங்கள். அடுத்த மெக்கானிக் கை வைப்பதற்கு முன் கோளாறு என்னவென்று அவரிடம் எழுதி வாங்குங்கள். பில் கேட்க நம்மில் பலருக்குக் கூச்சம். கடனையே எழுதி வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது!

அந்தச் சகோதரியிடம் நல்லவேளையாக ஜிபே பதிவு இருந்தது. அதை வைத்து நோட்டீஸ் எழுதிக் கொடுத்திருக்கிறோம். எழுத உதவி தேவைப்படுவோர் ஜும்ஆவுக்குப் பின் அலுவலகத்துக்கு வரலாம்.