ஒட்டுதலுக்கு ஓர் அளவுகோல்

“இந்தக் கல்லூரி எனக்கானதுதானா?” புது மாணவர்களை அரிக்கும் இந்தக் கேள்வியை எப்படி அளப்பது?

வருடக் கடைசியில் ஒரு படிவத்தை நீட்டினால் போதாது. உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹனும் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடம் ஒரு வாரம் தினமும் கேட்டார்கள்: இன்று எவ்வளவு சிரமப்பட்டீர்கள், இங்கே எவ்வளவு ஒட்டியதாக உணர்ந்தீர்கள்? ஒரு நாள் மோசமாகப் போனால், கறுப்பின மாணவர்களின் ஒட்டுதலும் அன்றைக்கே சரிந்தது.

ஆனால், முதல் வருடத் தடுமாற்றம் எல்லோருக்கும் உண்டு, நாளடைவில் சரியாகும் என்ற மூத்த மாணவர்களின் அனுபவங்களை முன்பே படித்திருந்த கறுப்பின மாணவர்களிடம் அந்தச் சரிவு இல்லை. அதற்குச் செலவான நேரம் சுமார் ஒரு மணிதான்! மூன்று ஆண்டுகளில், வெள்ளையின மாணவர்களுடன் அவர்களுக்கிருந்த மதிப்பெண் இடைவெளி பாதியானது. எல்லா மாணவர்களையும் ஒன்றாகச் சேர்த்த மொத்தச் சராசரி இதையெல்லாம் மறைத்திருக்கும்.

2011இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த இந்த ஆய்வில் 92 பேர்தான் இருந்தார்கள். எல்லாக் கல்லூரிக்கும் இதுவே விடையாகிவிடாது.