தீக்குழியில் இறங்குபவரின் கணக்கு

டீ ஆறுவதற்குள் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், தம்பி. காப்புக் கட்டி, விரதமிருந்து, திரௌபதி அம்மன் கோயில் தீக்குழியில் இறங்குகிறவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்டாய். பிழைத்துக் கிடப்பதும் பிள்ளை குட்டி பெருகுவதும்தான் பரிணாமத்தின் கணக்கு என்றால், பட்டினி கிடப்பதும் வேலையை விட்டுக் கூலி இழப்பதும் கால் சுட்டுக்கொள்வதும் அதில் எங்கே வரும்? நம் காரைக்கால் பக்கத்துக் கோட்டுச்சேரியைச் சுற்றி எந்த ஊரில் நின்றும் கேட்கலாம் இதை.

பதிலை மானிலிருந்து தொடங்குகிறேன். கோடிக்கரை சரணாலயத்தில் வெளிமான் கூட்டம் மிரண்டு ஓடும்போது பார்த்திருக்கிறாயா? சில மான்கள் நாலு காலையும் ஒருசேரத் தூக்கி எம்பித் துள்ளும். உயிருக்கு ஓடுகிற நேரத்தில் அது வீண் செலவு போலத்தான் தெரியும். இஸ்ரேலைச் சேர்ந்த உயிரியலாளர் அமோட்ஸ் சஹாவி 1975இல் ஒரு யோசனையை முன்வைத்தார்: அந்தத் துள்ளல் ‘என்னிடம் பலம் இருக்கிறது’ என்று துரத்துகிற விலங்குக்குக் காட்டும் சைகை; செலவு பிடிப்பதாலேயே அப்படிப்பட்ட சைகையை நம்பலாம். நோஞ்சான் மானால் அந்தத் துள்ளலைத் துள்ள முடியாது. ஆப்பிரிக்காவில் தாம்சன் கெசல் மான்களைக் கவனித்தவர்கள் 1988இல் இதற்குச் சாட்சி தந்தார்கள். குறைவாகத் துள்ளிய மான்களையே காட்டுநாய்கள் தேர்ந்து துரத்தின.

மனிதருக்குச் சிக்கல் வேறு: யாரை நம்புவது? அவசரத்துக்குக் கைமாற்று யாரிடம் கேட்பது, பிள்ளையை யாரிடம் விட்டுப் போவது? ‘என்னை நம்பு’ என்று வாயால் சொல்லக் காசு செலவில்லை. மானிடவியலாளர் எலினார் பவர் தமிழ்நாட்டின் இரண்டு கிராமங்களில் தங்கி, யார் யாருக்கு உதவுகிறார்கள், யாரை நல்லவர், தாராளமானவர் என்கிறார்கள் என்றெல்லாம் கேட்டு எழுதினார். யார் தவறாமல் வழிபடுகிறார்கள், யார் பெரிய நேர்த்திக்கடன்களைச் செய்கிறார்கள் என்பதையும் சேர்த்துக்கொண்டார். 2017இல் வந்த அவருடைய கட்டுரைகளின்படி, இப்படி நேரமும் பாடும் கொடுத்தவர்களுக்கு நல்ல பெயரும் கூடுதல். ஆபத்துக்குத் தோள் கொடுக்கும் உறவுகளும் கூடுதல்.

ஊர் மெச்சத்தான் தீ மிதிக்கிறார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை. பலரும் சறுக்குவது இங்கேதான். நமக்குப் பசிக்கிறது, சாப்பிடுகிறோம். சந்ததியைப் பெருக்க வேண்டும் என்று நினைத்து யாரும் சோற்றைப் பிசைவதில்லை. ஆனாலும் பசி என்ற உணர்ச்சி உயிர்களிடம் நிலைத்த கதையில் சந்ததிக்குப் பங்கு உண்டு. ஒருவர் மனதில் ஓடுவது வேறு, அந்த மனம் அப்படி அமைந்ததற்கான காரணம் வேறு. இரண்டையும் குழப்பக் கூடாது என்று நிக்கோ டின்பர்கன் 1963லேயே பிரித்துக் காட்டினார். பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டால் பால்குடம் எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்ட தாயின் அச்சமும் அன்பும் முழு உண்மை. அதைப் பாசாங்கு என்று பரிணாமத்தின் பெயரால் எவராவது சொன்னால், அவருக்குப் பரிணாமமும் பிடிபடவில்லை, தாயும் பிடிபடவில்லை.

மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியில் நடந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடிக்கும். டிமிட்ரிஸ் சிகலாட்டாஸ் குழுவினர் 2013இல் வெளியிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் 200 ரூபாய் கொடுத்து, அதில் விரும்பியதை நன்கொடையாகப் போடலாம் என்றார்கள். கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்தவர்கள் சராசரியாக 81 ரூபாய் போட்டார்கள். அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் 133. குத்திக்கொள்ளாமல் காவடியோடு கூட நடந்தவர்கள் 161! வலி ஒருவருடையது, இளகியது பக்கத்தில் நடந்தவர் மனமும்.

சந்தேகமும் வேண்டும். நேர்த்திக்கடன் நல்ல பெயரைத் தருகிறதா, ஏற்கெனவே நல்ல பெயர் உள்ளவர்கள்தான் நேர்த்திக்கடனுக்கு முன்வருகிறார்களா? ஒரே சமயத்தில் எடுத்த கணக்கை வைத்து இதைத் தீர்த்துச் சொல்ல முடியாது. மான் துள்ளியதால் மனிதனும் அப்படித்தான் என்று தாவுவதும் கூடாது. கிராமத்தில் போய் உட்கார்ந்து எண்ணிப் பார்க்க வேண்டும். பவரின் வேலையை நான் மதிப்பது அதனால்தான்.

கடைசியாக என் ஊகம் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம் காரைக்கால் துறையிலிருந்து ஒப்பந்தக் கூலிகளாக ரீயூனியன் தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிப் போனவர்கள் உண்டு. அந்தத் தீவில் இன்றும் தமிழ் வழி வந்தவர்கள் தீ மிதிக்கிறார்கள். பக்திதான் அதைக் கடல் தாண்டிக் கொண்டுபோனது. ஆனால் பங்காளியும் மாமன் மச்சானும் இல்லாத இடத்தில், யார் எப்படிப்பட்டவர் என்று சொல்ல ஒரு பெரியவர்கூட இல்லாத இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் நம்பத் தொடங்குவதற்கு அந்தத் தீக்குழியும் உதவியிருக்கும் என்றே நான் நினைக்கிறேன்.