அரை அங்குலம்தானே!

தடுக்கி விழுவது எதனால்? பெரிய படியால் அல்ல. பெரிய படி கண்ணுக்குத் தெரியும். கால் தானாகவே உயரும். சிறிய மேடுதான் ஆபத்து. அது கண்ணில் படாது. கால்விரல் அதில் இடிக்கும். ஆள் குப்புற விழுவார். வயதானவர் விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம்.

திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெரு உள்ளது. திவான் ராஜா கேசவதாஸ் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அதை உருவாக்கினார். தமிழ் வியாபாரிகள் பலர் அங்கே கடை வைத்துள்ளனர்.

அங்கே ஒரு பழைய கட்டடம் என்று வைத்துக்கொள்வோம். முன்னால் கடை. பின்னால் வீடு. வீட்டின் பழைய சிமெண்டுத் தரையில் தேங்காய் நார் விரிப்பு. அதன் கனம் 10 மில்லிமீட்டர். கடையில் மட்டும் பழைய தரைமேல் டைல்ஸ் போட வேண்டும்.

கொத்தனார் கேட்கிறார்: "அண்ணாச்சி, உள்ளே போகிற வாசலில் மேடு வருமே, பரவாயில்லையா?"

"அரை அங்குலம்தானே! போடுங்கள்."

கணக்குப் பார்ப்போம். டைல்ஸின் கனம் 8 மில்லிமீட்டர். அடியில் சிமெண்டுக் கலவை 20 மில்லிமீட்டர். மொத்தம் 28. விரிப்பின் 10-ஐக் கழித்தால் மீதி 18 மில்லிமீட்டர். அரை அங்குலம் என்பது சுமார் 13 மில்லிமீட்டர். அதைவிட இது அதிகம். பாட்டி தினமும் நடக்கும் வழி இது.

வேறு வழி உண்டா? உண்டு. பழைய தரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். பொள்ளல் சத்தம் கேட்டால் அந்த இடத்தைப் பெயர்த்துச் சரிசெய்ய வேண்டும். தரை உறுதியாகவும் சமமாகவும் இருந்தால் டைல்ஸ் பசை போதும். பசையின் கனம் 4 மில்லிமீட்டர் என்றால் மொத்தம் 12. விரிப்பைவிட 2 மில்லிமீட்டர்தான் அதிகம். கால் தடுக்காது.

முன்பே டைல்ஸ் போட்டாகிவிட்டதா? அப்படியானால் வாசலில் சரிவு அமைக்கலாம். உயரம் 1 பங்கு என்றால் சரிவின் நீளம் 12 பங்கு. 18 மில்லிமீட்டர் மேட்டுக்கு 216 மில்லிமீட்டர் நீளம். அதாவது ஏறக்குறைய ஒரு சாண். சக்கர நாற்காலியும் இதில் எளிதாக ஏறும்.

இன்னும் மூன்று செய்திகள்:

விரிப்பின் ஓரம் சுருண்டு நிற்கக் கூடாது. அலுமினியப் பட்டை வைத்துத் திருகாணியால் இறுக்க வேண்டும்.

தரை உயர்ந்தால் கதவு இடிக்கும். முதலில் கதவின் அடியை அளக்க வேண்டும்.

குளியலறைத் தரை மட்டும் தாழ்வாகவே இருக்கட்டும். இல்லாவிட்டால் தண்ணீர் வீட்டுக்குள் வரும். அந்த இறக்கம் தெரியும்படி ஓரத்தில் வேறு நிற டைல்ஸ் பதிக்கலாம்.

கலவை குழைக்கும் முன் கணக்குப் போடுங்கள். அளவுகோல் ஒன்று போதும். பாட்டியின் இடுப்பு தப்பும்.