கரப்பானும் பத்தியமும்

பச்சிளம் குழந்தையின் கன்னத்தில் செந்தடிப்புத் தோன்றி, இரவெல்லாம் அது சொறிந்து அழத் தொடங்கினால், நம் இல்லங்களில் முதலில் விசாரணைக்கு உள்ளாவது அடுக்களையே. முட்டையா, கருவாடா, கத்தரிக்காயா, வேர்க்கடலையா என்று பாட்டிமார் ஒவ்வொன்றாய் விலக்குவர். பாலூட்டும் தாய்க்கும் பத்தியம் தொடங்கும். ஆங்கில மருத்துவம் 'எக்ஸிமா' என்னும் இந்நோயை நாம் கரப்பான் என்கிறோம். மேற்கண்ட உணவுகளுக்குக் 'கரப்பான் பண்டம்' என்றே பெயரும் வைத்துவிட்டோம்.

உணவுக்கும் கரப்பானுக்கும் தொடர்பு உண்டென்று முன்னோர் கண்டதில் உண்மை இருக்கிறது. ஆயினும் பெரும்பாலான குழந்தைகளிடத்தில் நோயின் வேர் தோலிலேயே உள்ளது. தோலின் மேலடுக்கைக் கட்டுறுதியாக வைத்திருக்க உதவும் ஃபிலாக்ரின் என்னும் புரதத்தின் மரபணுக் குறை பலருக்குக் கரப்பான் வரக் காரணமாகிறது என 2006-ஆம் ஆண்டில் அறியப்பட்டது. காரை உதிர்ந்த சுவரைப் போன்றது அத்தோல். உள்ளிருக்கும் ஈரம் வெளியேறுகிறது. வெளியிலுள்ள தூசும் உணவுத் துகளும் உள்ளே நுழைகின்றன. வாய்வழியே சென்றால் உடல் நட்பாக ஏற்றுக்கொள்ளும் உணவு, புண்பட்ட தோல்வழியே முதலில் நுழையும்போது பகையாகக் கருதப்பட்டு விடுகிறது. கடலை எண்ணெய் கலந்த களிம்புகளை அழற்சியுற்ற தோலில் பூசப்பெற்ற குழந்தைகளிடம் வேர்க்கடலை ஒவ்வாமை மிகுதியாயிருந்ததை 2003-ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வொன்று எடுத்துக்காட்டிற்று.

அப்படியானால் விலக்கி வைப்பது காக்குமா? இதற்கு விடை காண லண்டனில் 640 குழந்தைகளைத் தெரிந்தெடுத்தனர். எல்லாரும் கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ உடையவர்கள்; 4 முதல் 11 மாத வயதினர். ஒரு பாதியினர் ஐந்து வயதுவரை வேர்க்கடலையைத் தொடவில்லை. மறுபாதியினர் ஒழுங்காக உண்டனர். 2015-இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகையே திகைக்கச் செய்தது. விலக்கியவர்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 17 பேருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை ஏற்பட்டது. உண்டவர்களில் 3 பேருக்கே ஏற்பட்டது. எனினும் கடுமையான கரப்பானுள்ள குழந்தைக்கு இதை முதன்முதல் ஊட்டுமுன் மருத்துவரைக் கலந்துகொள்ளுதல் வேண்டும். முழுக் கடலை மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். குழைத்த விழுதே ஏற்றது.

உணவால் கரப்பான் பெருகுவதே இல்லை என்று நாம் கூறவில்லை. நோய் மிதமாகவோ கடுமையாகவோ உள்ள குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருக்கிறது. பால், முட்டை, கோதுமை, சோயா, வேர்க்கடலை, மீன் ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. உண்ட சில நிமிடங்களில், பெரும்பாலும் இரண்டு மணிக்குள், உதடு வீங்குதல், உடலெங்கும் தடிப்பு, வாந்தி, மூச்சிரைப்பு தோன்றினால் ஐயமில்லை. மூச்சுத் திணறினால் கணமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரையவேண்டும். மறுநாளோ அதற்கு மறுநாளோ அரிப்பு மிகுவதும் உண்டு. அதை அறிவதே கடினம். இரத்தப் பரிசோதனை மட்டும் போதாது. சோதனையில் ஒவ்வாது எனக் காட்டும் உணவைத் தொல்லையின்றி உண்ணும் குழந்தைகள் பலர். மருத்துவர் சொற்படி ஐயத்துக்குரிய ஒரே உணவைச் சில வாரங்கள் நிறுத்தி, அவர் மேற்பார்வையில் மீண்டும் கொடுத்துப் பார்ப்பதே நம்பத்தக்க வழி.

அந்த 'மீண்டும் கொடுத்துப் பார்த்தல்' நம் வீடுகளில் நடப்பதேயில்லை. நிறுத்தியது நிறுத்தியதுதான்! பாலும் முட்டையும் மீனும் ஒருசேர நீங்கிய தட்டில் வளரும் பிள்ளைக்கு என்ன மிஞ்சும்? எடை குன்றும், எலும்பு வலுவிழக்கும். இதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. முன்பு தீங்கின்றிப் பால் குடித்துவந்த கரப்பான் குழந்தைக்கு, நெடுங்காலம் நிறுத்தியபின் திடீரெனக் கொடுத்தபோது உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை ஏற்பட்டதும் உண்டு. தாயின் பத்தியமோ, தக்க காரணமின்றி மேற்கொள்ளப்படின், அவளைத்தான் மெலிவிக்கும்.

ஆகவே முதற்கவனம் தோலுக்கே உரியது. வெதுவெதுப்பான நீரில் சுருக்கமாகக் குளிப்பாட்டி, காரமான சவர்க்காரத்தைத் தவிர்த்து, ஈரம் உலருமுன் வாசனையற்ற களிம்பை உடலெங்கும் தாராளமாகப் பூசவேண்டும். அரிப்பு அடங்கிய நாளிலும் இதை நிறுத்தலாகாது. தடிப்பு மிகும்போது மருத்துவர் தரும் ஸ்டீராய்டு களிம்பை அஞ்சி ஒதுக்கும் தாய்மார் பலர். அவர் சொன்ன அளவிலும் நாளிலும் பூசினால் அது தீங்கு செய்வது அரிது. தோல் ஆறிய பின்னும் அரிப்பு விடாது தொடர்ந்தால், அப்போது உணவைப் பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.