இட்லிப்பூ வேலி ஏன் மஞ்சளாகிறது?

சிலிபின் சாலையை ஒட்டிய தாமான்களில் வீட்டு வேலியாக அதிகம் கண்ணில் படுவது இட்லிப்பூச் செடிதான். மலாய்க்காரர்கள் இதைச் சியாந்தான் என்பார்கள். இலக்கியத் தமிழில் இதன் பெயர் வெட்சி. ஆநிரை கவரப் போகும் வீரர்கள் சூடிய பூ என்பதால் புறத்திணைகளில் ஒன்றுக்கே இதன் பெயரை வைத்தார்கள். சிவப்பு வகைக்குத் தென்னிந்தியாவும் இலங்கையும் தாயகம். காப்பிச் செடிக்கு இது உறவு. இரண்டும் ஒரே குடும்பம். சின்ன வயதில் பூவின் நடுவில் இருக்கும் நரம்பை இழுத்து, நுனியில் நிற்கும் தேனைச் சுவைக்காதவர்கள் நம்மில் குறைவு.

முழங்கால் உயரத்திலேயே அடர்ந்து நிற்கும் குட்டை ரகங்களும் நர்சரிகளில் கிடைக்கின்றன. வரிசை வீட்டின் முன்னால் இருக்கும் இரண்டடி மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான செடி கிடையாது என்றே சொல்லலாம். ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். பால்மரம் ஆண்டின் தொடக்கத்தில் இலை முழுவதையும் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்பதைத் தோட்டத்தில் வாழ்ந்தவர்கள் பார்த்திருப்பீர்கள். அந்த நாள்களில் பாலும் குறையும், சம்பளமும் குறையும். இட்லிப்பூவும் இலையை உதிர்க்கத்தான் செய்கிறது. ஆனால் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் கொட்டாமல், வயதான இலைகளை மட்டும் ஒவ்வொன்றாக விடுகிறது. என்றும் பசுமை என்பதற்கு அவ்வளவுதான் பொருள்.

ஆனால் நம் வட்டாரத்தில் ஒரு புகார் அடிக்கடி கேட்கிறது. வாங்கும்போது கரும்பச்சையாக இருந்த செடி, நட்டுச் சில மாதங்களில் வெளிறிப் போகிறது. உரம் போட்டாலும் தேறுவதில்லை. "தோட்டத்தில் லயத்து வாசலில் யாருமே கவனிக்காமல் வளர்ந்ததே, இங்கே மட்டும் ஏன் இப்படி?" என்று பெரியவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்வியிலேயே பாதி விடை இருக்கிறது.

முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள். அடியில் இருக்கும் முதிர்ந்த இலைகள் முழுதாக மஞ்சளானால், பெரும்பாலும் தழைச்சத்துக் குறைவு. செடி பழைய இலையிலிருந்து தழைச்சத்தைப் பிரித்தெடுத்துப் புதுத் தளிருக்கு அனுப்பிவிடும். அதற்கு உரம் போட்டால் போதும். நுனியில் வரும் இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாக நின்றால் அது இரும்புச்சத்துப் பிரச்சினை. பழைய இலையில் சேர்ந்த இரும்பைச் செடியால் எளிதில் இடம் மாற்ற முடியாது. அதனால்தான் கீழே பச்சையும் மேலே மஞ்சளுமாக நிற்கிறது. முற்றினால் இளம் இலை வெள்ளையாகவே மாறி, ஓரம் கருகும்.

பச்சையத்தின் நடுவில் இருக்கும் உலோகம் மக்னீசியம். இரும்பு அதில் இல்லை. ஆனால் பச்சையத்தை உருவாக்கும் வேலைக்கு இரும்பு தேவை.

மண்ணில் இரும்புக்குப் பஞ்சமில்லை. புவி ஓட்டில் அலுமினியத்துக்கு அடுத்தபடியாக அதிகம் உள்ள உலோகம் அதுதான். சிக்கல் கரைவதில் இருக்கிறது. மண்ணின் காடித்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஒரு புள்ளி கூடினால், கரைந்திருக்கும் இரும்பு சுமார் ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். மண் சுண்ணாம்புத்தன்மைக்கு மாறும்போது இரும்பு துருவாக உறைந்து கிடக்கும். வேர் பக்கத்திலேயே இருந்தும் எடுக்க முடியாது. வேர் தன் பங்குக்குக் கொஞ்சம் காடியைக் கசியவிட்டு இரும்பைக் கரைக்கப் பார்க்கும். ஆனால் சுண்ணாம்பு அந்தக் காடியை உடனே முறித்துவிடும். துருப்பிடித்த ஆணிகளைச் செடியின் அடியில் புதைக்கும் வழக்கம் ஏன் பலன் தருவதில்லை என்பது இப்போது புரியும். இல்லாத பொருளையா புதைக்கிறோம்?

இனி ஊருக்கு வருவோம். ஈப்போவைச் சுற்றி நிற்கும் வெள்ளைக் குன்றுகள் சுண்ணாம்புக்கல். பேராக் தோங், கெக் லோக் தோங் குகைக் கோயில்கள் அந்தக் கல்லில்தான் இருக்கின்றன. கிந்தா பள்ளத்தாக்கின் தரைக்கு அடியிலும் அதே கல் பரவியிருக்கிறது. சிலிபினுக்கு மேற்கே தெரியும் கிளேடாங் மலை வேறு வகை, அது கருங்கல். அந்தச் சரிவிலிருந்து வரும் மண் இயல்பிலேயே புளிப்பு. பால்மரத் தோட்டங்களின் மண்ணும் அப்படித்தான். பால்மரம் புளிப்பு மண்ணை விரும்பும் மரம். லயத்து வாசலில் இட்லிப்பூ தானாக வளர்ந்ததற்குக் காரணம் அதுவே.

அப்படியானால் சிலிபினில் மஞ்சள் எப்படி வந்தது? பெரும்பாலும் வீடு கட்டியபோது வந்தது. நிலத்தை உயர்த்தக் கொட்டிய சுண்ணாம்புக்கல் சல்லி, கொத்தனார் விட்டுப்போன சிமெண்ட் கட்டிகள், உடைந்த பூச்சு எல்லாம் வேலியோரத்து மண்ணுக்கு அடியில் கிடக்கின்றன. மழை பெய்யும்போதெல்லாம் சுவரிலிருந்தும் கால்வாய் விளிம்பிலிருந்தும் சுண்ணாம்பு கசிகிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவிலும் அடித்தரை சுண்ணாம்புக்கல்தான். அங்கேயும் இட்லிப்பூவை வீட்டின் சிமெண்ட் அடித்தளத்தை ஒட்டி நடாதீர்கள் என்றே சொல்கிறார்கள்.

பழைய ஈயச் சுரங்க மணலில் எழுந்த வீடுகளின் கதை வேறு. அந்த மணலில் சத்தும் தண்ணீரும் தங்காது. அங்கே கோளாறு அடி இலையிலேயே தொடங்கலாம். இரும்பு மருந்தால் தீராது, மக்கிய எரு வேண்டும்.

உங்கள் மண் எது என்று அறியச் சமையலறையே போதும். அரையடி ஆழத்திலிருந்து ஒரு கரண்டி மண் எடுத்துக் காயவைத்து, அதன்மேல் வினிகரை ஊற்றுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். சத்தம் மெலிதாக இருக்கலாம், காதருகே வைத்துக் கேளுங்கள். நுரைக்காவிட்டால் பி.எச். சோதனைத்தாள் வாங்கிப் பாருங்கள். ஐந்தரைக்கும் ஆறரைக்கும் இடையில் இருந்தால் இட்லிப்பூவுக்கு நல்லது.

நுரைத்த மண்ணைத் திருத்த முடியுமா? கந்தகத் தூள் போடச் சொல்வார்கள். மண்ணில் உள்ள பாக்டீரியாக்கள் அதைக் கந்தகக் காடியாக மாற்றும், அறிவியல் சரிதான். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து மீட்டர் நீளம், அரை மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழமுள்ள பாத்தியில் ஏறக்குறைய ஒரு டன் மண் இருக்கும். அதில் நூற்றுக்கு ஐந்து பங்கு சுண்ணாம்பு என்றால் 50 கிலோ. அதை முறிக்க 16 கிலோ கந்தகம் வேண்டும். அவ்வளவு கந்தகத்தை யாரும் வேலியோரத்தில் கொட்டப் போவதில்லை. வினிகர் ஊற்றுவதும் காப்பித் தூள் சக்கை போடுவதும் இதைவிட வீண்.

ஆகவே மண்ணோடு சண்டை போடாமல் மண்ணை மாற்றுவதே என் யோசனை. ஒன்றரை அடி ஆழத்துக்குத் தோண்டி, கல்லையும் சிமெண்டையும் பொறுக்கியெடுத்து, செம்மண்ணும் மக்கிய இலை உரமும் நிரப்புங்கள். சுவரிலிருந்து குறைந்தது இரண்டடி தள்ளி நடுங்கள். இடமில்லாதவர்கள் பெரிய பிளாஸ்டிக் தொட்டிகளை வரிசையாக வைத்தாலும் வேலி வேலிதான். சிமெண்ட் தொட்டி வேண்டாம். உரத்துக்குத் தோட்டத்தில் பழகிய சல்பேட் ஆப் அமோனியாவையே கொஞ்சமாகப் போடலாம். அது மண்ணில் மாறும்போது புளிப்பைக் கூட்டும்.

தோண்ட முடியாதவர்களுக்கு இரும்புக் கீலேட் இருக்கிறது. இரும்பை ஒரு கரிமப் பொருள் கவ்விப் பிடித்து, உறையாமல் வேர்வரை கொண்டு சேர்க்கும். கடையில் பெயர் பார்த்து வாங்குங்கள். இ.டி.டி.ஏ. வகை மலிவு, ஆனால் சுண்ணாம்பு மண்ணில் இரும்பை விரைவில் கைவிட்டுவிடும். இ.டி.டி.எச்.ஏ. வகை விலை கூடுதல், ஆனால் அந்த மண்ணிலும் தாக்குப் பிடிக்கும். இரும்பு சல்பேட்டை இலையில் தெளித்தால் சில வாரம் பச்சை காட்டும். தரையில் சிந்தினால் துருக்கறை போகாது.

வேறு செடிக்கு மாற நினைப்பவர்கள் பெரும்பாலும் கெமுனிங்கைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சுண்ணாம்பைத் தாங்கும், வெட்ட வெட்ட அடரும், பூவில் மல்லிகையின் வாசம் வீசும். ஆனால் அதன் தளிரில் ஒரு சிறு சாறுறிஞ்சிப் பூச்சி பெருகும். எலுமிச்சை இன மரங்களைப் பச்சையாக்க நோயால் மெல்லக் கொல்வது அது பரப்பும் பாக்டீரியாதான். கறிவேப்பிலையிலும் அந்தப் பூச்சி தங்கும். வீட்டில் லீமாவ் கஸ்தூரித் தொட்டி இருந்தாலோ, தம்புன் பக்கம் பொமேலோ மரங்களுக்கு அருகில் குடியிருந்தாலோ கெமுனிங் வேலி வேண்டாம்.

கத்தரிப்பது பற்றியும் ஒரு வார்த்தை. இட்லிப்பூ கிளையின் நுனியில்தான் பூக்கும். வாரா வாரம் மேலே சமமாக வெட்டுகிறவர்கள் மொட்டுகளையே வெட்டி எறிகிறார்கள். ஒரு கொத்து பூத்து முடிந்ததும் அதற்குக் கீழே இரண்டு கணு தள்ளி வெட்டுங்கள். நுனி போனதும், அது கீழ்மொட்டுகளை அடக்கி வைத்திருந்த ஹார்மோன் நின்று, ஒரு கிளை இருந்த இடத்தில் இரண்டு கிளைகள் எழும். செடியும் தாழ்வாக அடரும். மஞ்சள் பிடித்த செடியை மட்டும் இப்போது வெட்டாதீர்கள். மருந்து பிடித்து, புதுத் தளிர் இரண்டு சுற்று பச்சையாக வரட்டும். அதுவரை முன்பே வெளிறிய இலைகள் வெளிறியபடியே இருந்தால் கவலைப்பட வேண்டாம். நுனியை மட்டும் பார்த்து வாருங்கள்.